பல் விளக்கலும் பாத்திரம் விளக்கலும்

தமிழில் பல்லையும் பித்தளைக் குடத்தையும் ஒரே வினைச்சொல்லைக் கொண்டுதான் தூய்மை செய்கிறோம். குடத்தை விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். துலக்குதலும் அப்படியே, தேய்த்தலும் அப்படியே. பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் சிற்றூர்களில் சொல் மட்டுமன்று, கைக்கு எட்டிய சாமான்களும் நெடுநாள் ஒன்றாகவே இருந்தன. அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், உமிக்கரி, உப்பு. கிணற்றடியில் ஒரு கொட்டாங்குச்சியில் இருக்கும் அதே கரி, காலையில் வாய்க்கும் சற்று நேரம் கழித்துக் குண்டானுக்கும் போகும். புளி மட்டும் பாத்திரத்தோடு நின்றுகொண்டது. அந்தக் குறையை இப்போது எலுமிச்சம்பழம் தீர்த்து வைத்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இலக்கியம் பேசும் இடத்தில் பல்லுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலருக்கு நகைப்பு வரலாம். வரட்டும். நகை என்ற சொல்லுக்கே பல் என்றும் ஒரு பொருள் உண்டு. முறுவலும் மூரலும் அவ்வாறே. அகராதியைப் புரட்டினால் புன்னகை, பல் என்று இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கும். சிரிப்பையும் பல்லையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி நம்முடையது. எழுத்துகள் பிறக்கும் இடங்களை எட்டாக வகுத்த தொல்காப்பியரும் அவற்றுள் ஒன்றாகப் பல்லை வைத்தார். வகரம் ஒலிக்கப் பல்லும் இதழும் பொருந்த வேண்டும் என்று பிறப்பியலில் நடத்திவிட்டு, முன்பல் இழந்த பாட்டி ஒருவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். இலக்கணம் உடலோடு எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது என்பது விளங்கும்.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் காலைக்கடன்களைக் கூறும்போது பல் தூய்மையையும் கூறுகிறார். அங்கே அவர் ஆளும் வினை விளக்குதல் அன்று, தேய்த்தலும் அன்று, தின்னுதல். குச்சியைத் தின்னச் சொல்கிறார். வகுப்பில் மாணவர்கள் சிரிக்கும் இடம் இது. ஆனால் வேப்பங்குச்சியை உண்மையிலேயே பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் தெரியும். குச்சியின் நுனியை முதலில் மெல்ல வேண்டும். நார் பிரிந்து தூரிகைபோல ஆகும்வரை மெல்ல வேண்டும். வாயில் உமிழ்நீர் சுரக்கும், சாறு இறங்கும். அவசரப்பட்டால் ஈறு குத்தும். ஆகவே கை தானாக மெதுவாகிவிடும். தெருத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் குச்சி மென்ற பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். சங்கப் பாலைப் பாடல்களில் வரும் உகாய் என்ற மரத்தை, மேற்காசிய மக்கள் மிஸ்வாக் என்று மென்று பல் துலக்கும் மரமாகவே தாவரவியலார் அடையாளம் காண்கின்றனர்.

தின்னுதல் எப்போது விளக்குதல் ஆயிற்று என்பதற்கு ஆண்டு குறிக்க நம்மால் இயலாது. இரண்டும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கக்கூடும். நம் கவலை வேறு. இன்று நம் கையில் இருப்பது மென்மையான பிரஷும் வாசனைப் பசையும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை இன்னும் குடத்தை விளக்கும் கையாகவே இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் அழுக்குப் போகும், இன்னும் தேய்த்தால் பளபளக்கும் என்ற நம்பிக்கை பித்தளைக்குச் சரி. பல்லுக்கு அது கேடு.

கனிமங்களின் கடினத்தை அளக்க 1812-இல் மோஸ் என்பவர் ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் ஏறத்தாழ 5. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் 7. செங்கல் தூளில் இருக்கும் மணற்பொடி இந்தக் குவார்ட்ஸ்தான். நெல் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலிலும் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரி பல்லை வெளுப்பாக்குவதன் மருமம் இவ்வளவுதான்: கறையை மட்டுமன்று, கறை பிடித்திருந்த பரப்பையும் சேர்த்து அராவிவிடுகிறது. எனாமலில் உயிரணு இல்லை. தேய்ந்தது மீண்டும் முளைக்காது. ஈறும் பல்லும் சேரும் கழுத்துப் பகுதியில் ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் விழுந்து, மோர் குடித்தாலும் கூசுகிற பற்களை நம் ஊர்ப் பெரியவர்கள் பலரிடம் காணலாம். அவர்கள் பல்லைப் பேணாதவர்கள் அல்லர். ஒரு நாள் தவறாமல் ‘நன்றாக’ விளக்கியவர்கள்.

சுண்ணாம்புக்கல்லின் கதை வேறு. கால்சைட் மோஸ் அளவில் 3, எனாமலைவிட மென்மையானது. உலகெங்கும் பற்பசைகளில் மாசு நீக்கியாக நுண்ணிய கால்சியம் கார்பனேட்டு சேர்க்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். அரியலூர்க்காரர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் கல் பற்பசைக்குப் போவதில்லை, சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. லாரி போன சாலையோரத்து வேப்பமரமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். குச்சி ஒடிக்க நினைத்தாலும் முதலில் குச்சியைக் கழுவ வேண்டும்.

பல்லில் படிந்து இறுகும் அழுக்குக்குத் தமிழில் பற்காரை என்று பெயர். காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. எவர் வைத்த பெயரோ, வேதியியல் அறிந்தவர் வைத்ததுபோல இருக்கிறது. பல்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி அதைக் கல்லாக்கிவிடுகின்றன. காரையாகிவிட்டபின் எந்தப் பிரஷாலும் பொடியாலும் அதை எடுக்க முடியாது. பல் மருத்துவர் கருவி கொண்டு பெயர்த்தெடுக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆடும், எனாமல் போய்விடும் என்ற அச்சம் நம் பக்கத்தில் படித்தவர்களிடமும் இருக்கிறது. காரை அண்டைக் கொடுத்ததால் ஆடாமல் நின்ற பல், காரை போனதும் தன் உண்மை நிலையைக் காட்டுகிறது. அவ்வளவே. (பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அப்பெயர் காரைச் செடியால் வந்ததா, சுண்ணாம்புக் காரையால் வந்ததா என்ற ஆராய்ச்சியை ஊர்ப்பெயர் ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு விட்டுவிடுகிறோம்.)

அந்தக் காரை ஊரைச் சுற்றியுள்ள மண்ணில் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. நம் நிலம் அன்று கடல். அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டிலிருந்து எடுத்த ஒரு சிறு பல்லை வைத்து, ட்ரூடோன்டிட் என்ற டைனோசர் இனம் இங்கே வாழ்ந்தது என்று ஆய்வாளர்கள் 2013-இல் அறிவித்தனர். அதுவரை வடபுலக் கண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இனம் அது. எலும்புக்கூடு அன்று, ஒற்றைப் பல். (2020-இல் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டைகள் என்று பரபரப்பாகப் பேசப்பட்டவை அம்மோனைட் படிவுகளே என்று பின்னர் தெளிவாயிற்று. முட்டை ஏமாற்றும், பல் ஏமாற்றுவதில்லை போலும்.) உடம்பு முழுதும் மக்கிப் போனபின்னும் பல் எஞ்சுவதற்குக் காரணம், எனாமலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிமமாக இருப்பதுதான். மனித உடம்பு உண்டாக்கும் பொருள்களில் அதைவிடக் கடினமானது இல்லை.

மண்ணுக்குள் கோடி ஆண்டு தாங்குகிற பொருள், வாய்க்குள் நாற்பது ஆண்டு தாங்காமல் போவது ஏன்? புழு அரிப்பதால் அன்று. ‘சொத்தைப்பல்லில் பூச்சி’ என்று காது வழியாகப் புழு எடுத்துக் காட்டும் வித்தைக்காரர்களைச் சந்தைகளில் கண்ட தலைமுறை நம்முடையது. உண்மையில் நடப்பது அமில வேலை. பல்லின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. வாயின் அமிலநிலை 5.5 என்ற எண்ணுக்குக் கீழே இறங்கினால் எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சற்று நேரத்தில் ஈடுசெய்துவிடும். ஆனால் உமிழ்நீருக்கு ஓய்வு கொடுக்காமல் நாம் மீண்டும் மீண்டும் இனிப்பு ஊற்றுகிறோம். காலையில் ஒரு தேநீர், பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் கடலைமிட்டாய். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே கணக்கு. தூக்கத்திலோ உமிழ்நீர் மிகக் குறைவு. இரவு வாயில் ஒட்டிய இனிப்புக்கு விடியும்வரை போட்டியே இல்லை.

அரியலூரில் சுண்ணாம்பு என்றால் பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலை. பல்லை ஆக்கும் கால்சியத்தையும் அழிக்கும் இனிப்பையும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் வைத்திருக்கிறோம். ஆலை வேண்டாம் என்பதன்று நம் பேச்சு. கரும்பு போட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர் பலரை நமக்குத் தெரியும்.

நிற்க. வெண்மைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நாம் பணிபுரியும் கல்லூரியில் படிப்போர் பெரும்பாலும் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். முதுகலை வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, கருத்தரங்கக் கட்டுரை வாசிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். குரல் வகுப்பின் பின்வரிசைக்கு எட்டாது. சில வாரங்கள் கழித்து அவரால் குளிர்ந்த நீர் குடிக்க முடியவில்லை என்று தோழியர் வழியாகத் தெரியவந்தது. கைப்பேசியில் எவரோ சொன்னதைக் கேட்டு, எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் சமையல் சோடாவையும் குழைத்து, இரண்டு வேளையும் பல்லில் தேய்த்திருக்கிறார். சோடா அமிலத்தைத் தணித்துவிடும் என்று எண்ணினாரோ என்னவோ. எலுமிச்சையின் அமிலம் எனாமலை இளக்கும். இளகிய எனாமலை உப்பின் பருக்கை சுரண்டும். புளி போட்டுக் குடம் விளக்கும் முறை அப்படியே வாய்க்குள் வந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை: “பொண்ணு பாக்க வர்றாங்க ஐயா. பல்லு மஞ்சளா இருக்குன்னு போன தடவையே சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

பெண்ணுக்கு எட்டுத் தகுதி கேட்டுப் பார்த்து ஒன்பதாவதாகப் பல்லின் நிறத்தையும் பார்க்கும் மணவீட்டாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். நமக்கு இங்கே சினம் வேறொன்றின்மேல். அந்தப் பெண்ணின் பல்லில் எந்தக் குறையும் இல்லை. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே வெளிர்மஞ்சள். நல்ல பல் சற்று மஞ்சள் சாயலோடுதான் இருக்கும். எனாமலை அராவ அராவ உள்ளிருக்கும் மஞ்சள்தான் மேலும் தெரியும்; மேலும் தெரியத் தெரிய மேலும் தேய்ப்பார்கள்.

நம் பழம்புலவர்களுக்குக் கண் நன்றாக இருந்தது. பல்லுக்கு அவர்கள் தேடிய உவமைகள் முத்து, முல்லை அரும்பு, முருந்து. முருந்து என்பது மயிற்பீலியின் அடிமுள், அரிய உவமை. இம்மூன்றில் ஒன்றுகூடச் சுண்ணாம்பு வெள்ளை அன்று. முத்தில் ஒரு மங்கிய ஒளி இருக்கிறது. முல்லை அரும்பில் பச்சையோ இளமஞ்சளோ ஒரு கீற்று ஓடும். மயிலிறகின் அடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் நிறத்தை அறிவார்கள். சங்கும் சுண்ணமும் வெள்ளைக்கு உவமையாக எங்கும் கிடைத்த நாட்டில், பல்லுக்கு இவற்றைத் தேர்ந்தவர்கள் நிறத்தைவிட உயிர்ப்பையே பார்த்திருக்கிறார்கள் என்பது எம் துணிபு. இன்றைய விளம்பரப் பலகையில் சிரிக்கும் நடிகையின் பல்லுக்கு உவமை தேட அவர்களை அழைத்தால், குளியலறைப் பீங்கானைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

வள்ளுவர் வாலெயிறு என்றாரே, வால் என்றால் வெண்மை அல்லவா என்று நண்பர்கள் மடக்கலாம். வெண்மைதான், தூய்மையும்தான். அதே சொல் கடவுள் வாழ்த்தில் வாலறிவன் என்று வருகிறது. அங்கே வெள்ளை அறிவு என்று எவரும் உரை எழுதவில்லை. ஒரு சொல்லில் இரண்டு பொருள் உறைவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. வணிகம் செய்த வேலை அவ்விரண்டையும் ஒட்டியதுதான்: வெள்ளையாக இருப்பதே சுத்தம், மஞ்சளாக இருப்பது அழுக்கு.

இது பொய் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் கிடைத்தது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் பார்க்கச் சென்ற பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டார். தேய்த்தும் போகாத கறை. ஆனால் அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. முப்பது ஆண்டுத் தேடலுக்குப்பின் 1931-இல், குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடே காரணம் என்று தெரிந்தது. அளவு மீறினால் கறை, இன்னும் மீறினால் எலும்புக்கே கேடு. சிறிய அளவிலோ பல்லுக்குக் கவசம். பற்பசையில் ஃபுளூரைடு சேர்ந்த வரலாறு அந்தக் கறையில்தான் தொடங்குகிறது. நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் தலைமுறைகள் துன்புற்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது அதன் பொருட்டுத்தான். அப்பகுதியிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் பழுப்புப் பல்லைப் பார்த்து ‘பல் தேய்ப்பதில்லையா’ என்று கேட்கும் ஆசிரியர், குடிநீர் செய்த பழியைப் பிள்ளையின் தலையில் போடுகிறார்.

வெண்மை வணிகம் நம் காலத்தில் தொடங்கியதும் அன்று. நஞ்சன்கூடு பல்பொடி, வானொலி விளம்பரத்தால் வீடுதோறும் அறிமுகமான கோபால் பல்பொடி என்று பொட்டலங்களும் டப்பாக்களும் வந்து பல தலைமுறை ஆகிறது. பொடியைத் தின்றே தீர்த்த சிறுவர்கள் இன்று பேரன் எடுத்திருப்பார்கள். புகையிலை கலந்த பொடிகளும் இருந்தன; பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை கூடாது என்று நடுவண் அரசு 1992-இல் தடை செய்தது. ஆயினும் களைவெட்டப் போகும் பெண்கள் கன்னத்தில் புகையிலை அடக்குவது நின்றபாடில்லை. பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தாம்பூலத் தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு காலத்தில் கரியும் உப்பும் காட்டுமிராண்டித்தனம் என்று சிரித்த விளம்பரங்கள், பிறகு உங்கள் பசையில் உப்பு உண்டா, கரி உண்டா என்று கேட்கலாயின. கரிப் பற்பசை பாதுகாப்பானது என்பதற்கோ வெளுப்பாக்கும் என்பதற்கோ போதிய சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழ் 2017-இல் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. நம் பாட்டியின் கொட்டாங்குச்சிக் கரி நூற்றைம்பது ரூபாய்க் குழாயில் அடைபட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

நம் தமிழ்த்துறைகளிடமும் ஒரு வழக்கு உண்டு. ஆலையும் வேலையும் பல்லுக்குத் துணையாகவும், நாலடியாரையும் குறளையும் சொல்லுக்குத் துணையாகவும் சேர்த்துச் சொல்லும் பழமொழியை எத்தனை பட்டிமன்றங்களில் கேட்டிருப்போம்! ‘பண்டைத் தமிழரின் மருத்துவ அறிவு’ என்று பத்து மதிப்பெண் வினாவுக்கு அதுவே விடையின் முதல் வரி. வேம்பிலும் வேலிலும் நுண்ணுயிரைத் தடுக்கும் துவர்ப்பும் கசப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குச்சியில் ஃபுளூரைடு இல்லை. கடைவாய்ப் பல்லின் இடுக்குக்கு அது எளிதில் எட்டாது. ஆசாரக்கோவை குச்சி தின்னச் சொன்னது விடியலில். சர்க்கரை மூட்டை நடுவீட்டில் இல்லாத காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். முள்ளியார் இன்று இருந்தால், உறங்கப்போகுமுன் பல் துலக்காதவரைப் பழிப்போர் பட்டியலில் முதலில் சேர்த்திருப்பார். நூலில் பழிப்புக்குப் பஞ்சமில்லை.

சொல்ல வேண்டிய நடைமுறை மிகக் குறைவு. நூல் எழுதும் அளவுக்கு இல்லை என்பதால்தானோ என்னவோ எவரும் சொல்வதில்லை. மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளூரைடு பசை, இரண்டு நிமிடம், இரண்டு வேளை. அவற்றுள் இரவு வேளை தவறக் கூடாதது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு போதும். துப்பியபின் வாயைக் குடம் குடமாக நீர் விட்டு அலசாமல் விட்டால் மருந்து பல்லில் நிற்கும். புளிப்பு உண்ட உடனே துலக்காமல் அரை மணி பொறுக்க வேண்டும். இதற்கு மேல் வெளுக்க விரும்புவோர் பல் மருத்துவரிடம் போகட்டும். ஐரோப்பிய நாடுகள் வெளுப்பு மருந்தான ஹைட்ரஜன் பெராக்சைடை நூற்றுக்கு 0.1 பங்குக்குமேல் கடையில் விற்கவிடாமல், 6 பங்கு வரை மருத்துவர் பொறுப்பில் விட்டிருப்பது காரணமின்றி அன்று.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்போர் முகத்தைப் பாருங்கள். கன்னம் வீங்கியபின் வந்தவர்களே மிகுதி. பல்லில் கரும்புள்ளி தெரியும்போது வந்தால் அடைத்துக் காக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வலிக்காத பல்லுக்காகப் பேருந்தேறி வா என்று களையெடுக்கும் பெண்ணிடம் சொல்வது எளிதன்று. வலி வந்தபின் வருகிறார். மீண்டும் மூன்று நான்கு முறை வர வழியில்லாததால் “புடுங்கிடுங்க சாமி” என்கிறார். முப்பத்தைந்து வயதில் கடைவாய்ப் பல் இரண்டும் போய், வெற்றிலையை இடித்துத் தின்னும் நிலைக்கு வந்தவர்களை நம் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்திலேயே காணலாம். அவர்கள் எவரும் பல் வெள்ளையாக இல்லை என்று வருந்தியவர்கள் அல்லர்.

மருத்துவரை மக்கள் இருக்கும் இடத்துக்கு, வலி வருமுன் அழைத்துவருவதே வழி. பள்ளியில் மதிய உணவு உண்ட கையோடு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாய் கொப்பளிக்கச் செய்ய அரசாணை எதுவும் தேவையில்லை; ஒரு குழாயும் ஓர் ஆசிரியரும் போதும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் நடக்கிறது. கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கி, மரக்கன்று நட்டு, நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொள்கிறோம். அந்த ஏழு நாளில் ஒரு நாளைப் பல்லுக்குக் கொடுக்கலாம் என்று நம் துறைக் கூட்டத்தில் முன்மொழிந்தோம். தமிழ்த்துறைக்கு இது எதற்கு என்றார் ஒரு நண்பர். முறுவல் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுங்கள் என்று அவரிடம் தாளை நீட்டினோம். முகாம் கல்லங்குறிச்சிப் பக்கம் என்று முடிவாகியிருக்கிறது. பல் மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வர இசைந்திருக்கிறார். அந்த மாணவி, இப்போது கூச்சம் சற்றுக் குறைந்திருக்கிறது, பெண்களிடம் பேசும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.